இடப்பக்கத்துச் சீட்டு

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் பெற்று விட்டுப்போனது. ஆறு பேரும் நன்றாக இருக்கிறார்கள். யாரிடமும் போய் நிற்காமல் ஆளுக்கொரு வேலை பார்க்கிறார்கள். இதைப் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

செங்கல் சூளையில் வேலை செய்தவள் நான். அடுக்கின கல்லுக்குள் நல்ல பாம்பு புகுந்துவிட்டால் ஆம்பிளைகள் ஓடிப்போய் என்னைத்தான் கூப்பிட்டு வருவார்கள். பயம் என்றால் என்னவென்று ஊரில் மற்றவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்டவளை ஒரு கார் பயமுறுத்தியது. லாரிகூட இல்லை, என் இடுப்பு உயரத்துக்கு இருக்கிற ஒரு கார்.

அதை வாங்கினவள் என் கடைசி மகள். ஒரகடத்தில் கார் செய்கிற கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார், கம்பெனிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வேன். அவர்களுக்கு ஒரே பெண். தண்டலம் பக்கம் காலேஜில் படிக்கிறாள். நான் இவர்களோடு பிள்ளைப்பாக்கத்தில் இருக்கிறேன்.

முன்பு ஒரு முறை கம்பெனி விழாவுக்குப் பழைய கார்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்களாம். எல்லாரும் பிரியாணிக்கு வரிசையில் நிற்க, இவள் ஒரு காரின் பக்கத்தைவிட்டு நகரவில்லையாம். வெள்ளைக்காரன் ஊரில் செய்தது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. மேலே துணிக்கூரை, மடக்கிப் பின்னால் போட்டுவிடலாம். சக்கரத்தில் சைக்கிள் மாதிரி கம்பிகள். அன்றிலிருந்து சோறு தின்னும்போதும் போனில் அந்தக் காரைத்தான் பார்ப்பாள். அவள் பெண் சொல்லிச் சிரிக்கும், "எங்கம்மாவுக்கு லவ்வு, ஆயா."

பல வருஷம் தேடினாள். கடைசியில் மெட்ராஸில் ஒரு வயசான டாக்டர் ஷெட்டில் மூடி வைத்திருப்பது தெரிந்தது. அவர் சும்மா தூக்கிக் கொடுக்கிற ஆள் இல்லை. இவளை நாலைந்து ஞாயிற்றுக்கிழமை வரவழைத்து, மழை பெய்தால் எங்கே நிறுத்துவாய், எலி வந்தால் என்ன செய்வாய் என்றெல்லாம் கேட்டாராம். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவளை இத்தனை கேள்வி கேட்கவில்லை. கொடுக்கிற அன்றைக்கு அவர் வாசலுக்கு வராமல் உள்ளேயே உட்கார்ந்துகொண்டாராம்.

கார் ஒரு திறந்த தட்டு லாரியில் வந்து இறங்கியது. கரும்பச்சை நிறம். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, காரு குந்திகினு கீது?"

"நின்னா கால் வலிக்கும்னு குந்திகினு கீதுடி. போயி ஒரு சொம்பு மோர் எடுத்தாந்து குடு," என்றேன்.

மாப்பிள்ளை காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அத்த, மத்த வண்டில ஏறுவாங்க. இதுல எறங்கணும்," என்றார். உண்மைதான். குழிக்குள் காலை விடுகிற மாதிரி விட்டுத்தான் உட்கார வேண்டும்.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். நான் கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டோடு முன்பக்கம் போனேன். மகள் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தாள். "மா! தூரப் போ, தூரப் போ. பெட்ரோல் கசியுது!" கற்பூரத்தை எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டு காட்டினேன். எந்த வண்டிக்கும் அவ்வளவு தூரத்திலிருந்து யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். அங்கே நின்றபோது ஒரு டிரெய்லர் தெருமுனையைத் தாண்டிப் போனது. அதன் சக்கரத்தைப் பார்த்தேன். காரைப் பார்த்தேன். துணிக்கூரையை மடக்கியிருந்தார்கள். காரின் கதவு அந்தச் சக்கரத்தின் உயரம்கூட இல்லை.

அங்கே பிடித்தது பயம்.

எங்கள் தெரு போய் முட்டுவது ஒரகடம் ரோட்டில். அந்த ரோட்டில் கண்டெய்னர் ஏற்றின டிரெய்லர்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். அதுவரை அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு லாரியும் என் வயிற்றின் மேலே ஏறிப் போனது.

மகள் ஷிப்ட் முடிந்து வந்ததும் யூனிபார்மை மாற்றி, பழைய நைட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு காருக்கு அடியில் படுத்துவிடுவாள். கசிவை அடைத்தாள். பிரேக்கைக் கழற்றிப் புதிது போட்டாள். "கம்பெனில பாக்கறது போதாதா? வூட்லயும் இரும்பத்தான் பாக்கணுமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "மா, அங்க வண்டி என்ன தாண்டிப் போய்க்கினே இருக்கும். ஒரு வண்டியக்கூட நல்லாப் பாத்ததில்ல. இது எனக்காவ நின்னுகினு கீதுமா."

நான் சூளையில் எத்தனையோ வீட்டுக்குக் கல் அறுத்தேன், எந்த வீட்டையும் பார்த்ததில்லை.

கார் ஓட ஆரம்பித்தது. சோக் என்று ஒரு பித்தானை இழுத்து, கொஞ்சம் பொறுத்து, சாவியைத் திருப்ப வேண்டும். இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் வந்ததும் என் மகள் சிரிக்கிற சிரிப்பை அவள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளைக்கும் அது தெரியும், பாவம்.

மாமல்லபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் கூடுகிறார்கள், நானும் போகப்போகிறேன் என்றாள். ஒரகடம் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி, செங்கல்பட்டு வழியாகப் போக வேண்டும். முழுக்க லாரி ரோடு. அன்றைக்கு அடுப்பில் வைத்த குழம்பு தீய்ந்துபோனது. எனக்கு வாசனைகூடத் தெரியவில்லை.

அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் பெட்ரோல் போடக் கிளம்பினாள். "நானும் வரேன்," என்று இடப்பக்கத்துச் சீட்டில் இறங்கி உட்கார்ந்துகொண்டேன். கையை வெளியே நீட்டினால் தார் ரோட்டைத் தொட்டுவிடலாம் போல இருந்தது. ரோட்டின் சூடு முகத்தில் அடித்தது. பங்க்கில் போட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, எங்களுக்கு வலப்பக்கம் ஒரு டிரெய்லர் கூடவே வந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். சக்கரங்களும் அதற்கு மேலே இரும்பும்தான். ஆளே தெரியவில்லை.

கம்பெனி ரோடு பிரிகிற இடத்தில் அது சட்டென்று இடது பக்கம் ஒடித்தது. எங்கள் பக்கம்.

மகள் ஹாரன் அடித்தாள். அந்த ஹாரன் ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி இருக்கும். பிரேக்கை மிதித்தாள். என் நெற்றி முன்கண்ணாடிக்குக் கிட்டே போய் நின்றது. டிரெய்லரின் பின்சக்கரங்கள் வரிசையாக எங்கள் பானட்டுக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் உருண்டு போயின. ஒவ்வொன்றாகப் போயின. முடியவே முடியாது போல இருந்தது. எங்கள் மேல் புழுதி கொட்டியது. லாரி நிற்கவில்லை. அந்த டிரைவருக்கு நாங்கள் இருந்ததே தெரியாது.

"ஒண்ணுமில்லமா. தப்பிச்சிட்டோம்," என்று மகள் சிரிக்கப் பார்த்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் லாரிகள் நிறுத்துகிற திடலும் அதன் ஓரத்தில் ஒரு டீக்கடையும் வந்தன. கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன்.

"டீ குடிக்கிறியாமா?"

"நீ பேசாத குந்து."

ஒரு டிரெய்லருக்குப் பக்கத்தில் அதன் டிரைவர் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். கண்டெய்னர் இறக்கிவிட்டு நிற்கிறவர். அவரிடம் போய், "தம்பி, உன் வண்டில என்ன மேல ஏத்தி உக்கார வையி. ஒண்ணு பாக்கணும்," என்றேன்.

அவர் தெற்கத்திக்காரர், தூத்துக்குடிப் பக்கம். முதலில் நான் பைத்தியமோ என்று பார்த்தார். பிறகு, "ஆச்சி, என் தொட ஒசரம்லா இருக்கு முதல் படி. முட்டி தாங்குமா?" என்றார்.

"சூளைல கல்லு சொமந்த முட்டி. நீ கதவத் தெற."

ஏறிவிட்டேன். மூச்சு வாங்கியது, ஆனாலும் ஏறிவிட்டேன். டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஓட்டிக்கிட்டுப் போயிராதீய ஆச்சி," என்று கீழே நின்று சிரித்தார். அங்கிருந்து பார்த்தால் திடல் முழுக்கத் தெரிந்தது. டீக்கடைக் கூரையின் மேலே கிடந்த செருப்பு தெரிந்தது. ரொம்ப தூரத்துக்கு ரோடு தெரிந்தது. எல்லாம் தெரிகிறதே என்று நினைத்தேன்.

மகளைப் பார்த்துக் கத்தினேன். "ஏய், வண்டிய எட்து இந்த லாரிய சுத்தி மெதுவா வா!"

"மா, ஒனக்கு இன்னா ஆச்சு? எறங்குமா, எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும். வாடி."

அவள் பின்பக்கமாகச் சுற்றி, இடது பக்கம் வந்தாள். லாரியின் இடப்பக்கக் கண்ணாடியில் கரும்பச்சை தெரிந்தது. கிட்டே வந்தது. இன்னும் கிட்டே வந்தது. அப்புறம் இல்லை. கண்ணாடியில் இல்லை. ஜன்னலில் இல்லை. முன்னால் பெரிய கண்ணாடியிலும் இல்லை. சத்தம் மட்டும் இருக்கிறது. என் மகள் எனக்குக் கீழே எங்கேயோ இருக்கிறாள், என் காலுக்குக் கிட்டே, நான் சக்கரத்தைத் திருப்பினால் அவள் மேல்தான் திருப்புவேன். அது எனக்குத் தெரிந்திருந்தும் அவளை என்னால் பார்க்க முடியவில்லை. கை ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டது. "எங்கடி கீற! எங்கடி கீற!" என்று கத்தினேன். ரொம்ப நேரம் கழித்து முன்னால் வெளியே வந்தாள்.

டிரைவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். "முந்தி கிளீனர் உண்டு ஆச்சி. இடது பக்கம் அவன் தலைய வெளிய நீட்டிப் பாத்து, போகலாம்னா ரைட்டு, நிக்கணும்னா ஓல்டான்னு சொல்லுவான். இப்ப ஒத்த ஆளாத்தான் அனுப்புதாங்க. இடது பக்கம் திரும்பும்போது நான் சாமியக் கும்பிட்டுக்கிட்டுத்தான் திருப்புவேன்."

இறங்கினேன். மகள் கோபமாக வந்தாள்.

"ஊரு சிரிக்க வெச்சிட்ட. இப்ப இன்னா, நான் வண்டிய ஓட்டக்கூடாது, அதானே?"

"நீ போயி மேல குந்து," என்றேன்.

"நான் தெனம் லாரிங்களப் பாத்துகினுதாமா கீறேன்."

"கீழேர்ந்து பாத்த. மேல போயி பாரு."

போனாள். நான் காரின் இடப்பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். அவள் இன்னொரு சுற்று வந்து காரை நிறுத்தியிருந்த இடம் லாரியின் இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில்தான். மேலிருந்து, "மா," என்றாள். "மா, எங்க கீற? எந்திரிச்சி நில்லு." நான் நிற்கவில்லை. "மா!" என்று அலறிக்கொண்டு இறங்கி ஓடி வந்தாள். "நீ இல்லமா அங்க. குந்திகினு கீறன்னு தெரியும். ஆனா நீ இல்ல."

வீட்டுக்கு வந்தோம். அவள் காரின் மேல் உறையைப் போட்டு மூடினாள்.

அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். அடுத்த சில நாளும் தூங்கினேன். அப்புறம்தான் கவனித்தேன், அவள் உறையை எடுக்கவே இல்லை. ஷிப்ட் முடிந்து வருவாள், காரைத் தாண்டி நேராக உள்ளே போவாள், சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். ஷிப்ட் முடிந்த பிறகும் ஓ.டி. வேலை இருந்தால் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். டாக்டருக்குப் போன் போட்டு, "சார், உங்களுக்குத் தெரிஞ்சவங்க நல்லபடியா வெச்சிக்கிறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க," என்று மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

ஆறு பேரில் ஒருவரும் என்னைக் கேட்டு ஆசைப்பட்டதில்லை, நானும் ஒருவர் ஆசையையும் குறுக்கே நின்று தடுத்ததில்லை. பயப்படுவதற்கு வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன். அவளும் எதற்குப் பயப்பட வேண்டும்?

நீளமாக ஒரு மூங்கில் குச்சி எடுத்தேன். பெட்டியில் இருந்த சிவப்பு ரவிக்கைத் துணியை அதன் நுனியில் கட்டினேன். கம்பி ஏற்றின லாரியில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்புத் துணி கட்டுவார்களே, அது மாதிரி. அதைக் கொண்டுபோய் மகளிடம் காட்டினேன்.

அழுகிற மாதிரி இருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மா! அந்த வண்டிக்குன்னு ஒரு மருவாதி கீது. அதுல போயி கொம்பு கட்டச் சொல்றியா? ஓட்ட போடணும், கிளாம்பு போடணும்... அத்தினி பேரும் சிரிப்பாங்கமா."

"வண்டில யாரு கட்டச் சொன்னா? நான் புடிச்சிகினு வரேன்."

"நீயா?"

"கிளீனரு நானு."

மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். வண்டியில் இடுப்புக்கு மட்டும் ஒரு பெல்ட் போட்டிருந்தாள். அதைப் போட்டு இறுக்கினேன். குச்சியை முட்டிக்கு நடுவில் நட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். துணி தலைக்கு மேலே படபடவென்று அடித்தது. இது வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வழி முழுக்க எனக்குப் பயம்தான். ஒவ்வொரு லாரிக்கும் "ரைட்டு", "ஓல்டான்" என்று நான் சொன்னது அவளுக்காக மட்டும் இல்லை, வாய்க்கு ஒரு வேலை கொடுக்காவிட்டால் கத்திவிடுவேன் என்பதற்காகவும்தான். எங்களோடு லாரி ஏதாவது சேர்ந்து வந்தால், மகள் ஒன்று பின்னால் தங்கிவிடுவாள், இல்லை முன்னால் போய்விடுவாள். பக்கத்தில் மட்டும் நிற்கவே மாட்டாள். மேலே ஏறிப் பார்த்த பிறகு வந்த பழக்கம்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் கிட்டே ஷேர் ஆட்டோக்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றைச் சுற்றி நாங்கள் வெளியே வரும்போது இடப்பக்கம் சந்திலிருந்து ஒரு டிரெய்லர் மூக்கை நீட்டியது. அதை ஓட்டுகிறவர் ரோட்டின் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறார். மகள் நிறுத்திவிட்டாள். பின்னால் பஸ். பின்னுக்குப் போக வழியில்லை. லாரி வந்துகொண்டே இருக்கிறது. அதன் முன்பக்கத்து இரும்பு எனக்கு நேரே வருகிறது.

பெல்ட்டை எப்படி அவிழ்த்தேன் என்று எனக்குத் தெரியாது. சீட்டின் மேல் ஏறி நின்றேன். குச்சியை லாரியின் முன்கண்ணாடிக்கு முன்னால் வீசினேன். "ஓல்டான்! ஓல்டான்டா!" சூளையில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கூப்பிடுகிற குரல் வந்தது. துணி அவர் கண்ணாடியைத் துடைத்தது. புஸ்ஸென்று காற்று பிரேக் சத்தம். இரும்பு நின்றுவிட்டது. நான் கையை நீட்டினால் தொடலாம். தொட்டேனா என்று நினைவில்லை.

டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கீழே பார்த்தார். பார்த்ததும் அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது. பிறகுதான் வாய் வந்தது. "இன்னா கெழவி, ஊர்கோலமா போற?"

"ஆமாண்டா, உன்னத்தான் அழைக்க வந்தோம்! கண்ண தொற!"

ஷேர் ஆட்டோக்காரர்கள் விசில் அடித்தார்கள். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிட விழுந்தேன். மகள் கியரைப் போட்டாள். செங்கல்பட்டு தாண்டித்தான் நான் பெல்ட்டைத் திரும்பப் போட்டேன்.

மாமல்லபுரத்தில் கார்கள் எல்லாம் கண்ணாடி மாதிரி பளபளவென்று நின்றன. தொப்பி போட்ட ஒருவர் எங்கள் காரைச் சுற்றி வந்து, தடவிப் பார்த்து, "ரொம்ப ஒரிஜினலா வெச்சிருக்கீங்க. அந்தக் குச்சி மட்டும் எதுக்கு?" என்று கேட்டார். மகள் சிரிக்கவில்லை. "அதுவும் ஒரிஜினல்தான் சார். இவங்க என் கிளீனர்," என்றாள். எனக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டீ கொடுத்தார்கள், குடிக்க முடியவில்லை. அதே ரோட்டில் திரும்ப வேண்டுமே.

டாக்டருக்குப் போன் போட்டு, வேண்டாம் சார், நானே வைத்துக்கொள்கிறேன் என்று அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். அப்புறம் நிறைய முறை போய்விட்டோம். ஒவ்வொரு முறையும் எனக்கு அதே பயம். பழகிவிடும் என்று மாப்பிள்ளை சொல்கிறார். பழகவில்லை. பழகினால் நான் அந்தச் சீட்டில் உட்காரக் கூடாது என்று நினைக்கிறேன்.

இப்போது என் வலது முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. போன முறை என்னை அந்தக் குழியிலிருந்து இரண்டு பேர் தூக்கி எடுத்தார்கள். அவமானமாகப் போய்விட்டது. பேத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆயா, அடுத்த வாட்டி நான் குந்திக்கிறேன். நீ ரெஸ்ட் எடு," என்றாள். அவள் அம்மாவும் சரி என்று தலையை ஆட்டிவிட்டாள். எந்நேரமும் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு திரிகிற பெண். சேர்ந்தாற்போல இரண்டு பேரையும் அந்த ரோட்டுக்கு அனுப்பிவிட்டு நான் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதினேன். எழுத்து எழுத்தாக எழுத ரொம்ப நாள் ஆயிற்று. இதை அவள் என் முன்னால் வாய்விட்டுப் படிக்கட்டும். படித்து முடித்த பிறகும் அந்தச் சீட்டு வேண்டும் என்றால் அப்புறம் பேசலாம்.

இதோ காலேஜ் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறாள்.

"வா கண்ணு. பைய அங்க போடு. காதுல கீறத கழட்டு. ரெண்டையும் கழட்டுடி. இந்தா, மொதல்லேர்ந்து படி. எனக்குக் கேக்கற மாதிரி, மெதுவா படி."